இரண்டு பேருக்கு நடுவில் எப்போது கோடு போடலாம்?

கேள்வி கேட்டவர் ஊட்டியில் எம்.எஸ்ஸி. கணினி அறிவியல் படிக்கும் மாணவி. மழைக்காலத்தில் "ரோடு பிளாக்", "மண்சரிவு" என்று நீலகிரி வாட்ஸ்அப் குழுக்களிலும் ஃபேஸ்புக்கிலும் ஓடும் செய்திகளும் வதந்திகளும் எப்படிப் பரவுகின்றன என்று பார்ப்பது அவருடைய ப்ராஜெக்ட். கைடு "டேட்டா மைனிங் பண்ணுங்க" என்று சொல்லியிருக்கிறார். எந்த சாஃப்ட்வேர், தரவை எங்கிருந்து எடுப்பது, யார் முக்கியமான ஆள் என்று கணினி எப்படிக் கண்டுபிடிக்கும், தமிழில் இதெல்லாம் நடக்குமா என்று நான்கு கேட்டிருக்கிறார்.

நான் கோத்தகிரிக்காரன். ஆட்களைப் புள்ளியாகவும் அவர்களுக்கு நடுவே உள்ள தொடர்பைக் கோடாகவும் வரைந்து பார்க்கும் இந்த வலைப்பின்னல் ஆய்வைச் சில வருடங்களாகச் செய்துவருகிறேன். சாஃப்ட்வேரைக் கடைசியில் பார்ப்போம். அது ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். சுலபமாகக் கைக்கு வராதது, இரண்டு பேருக்கு நடுவில் எப்போது ஒரு கோடு போடுவது என்ற முடிவு. அந்த முடிவை எந்த நிரலும் உங்களுக்காக எடுக்காது. பிறகு வரும் ஒவ்வொரு எண்ணும், கலர் கலராக வரும் ஒவ்வொரு படமும் அதிலிருந்துதான் பிறக்கும். எனக்கு இது புரிந்தது ஒரு ஐப்பசி மழையில்.

இரவு ஒன்பது மணி இருக்கும். கரண்ட் இல்லை. சித்தி தன் போனைக் கொண்டுவந்து நீட்டினார். "பர்லியார்கிட்ட ரோடு முழுசா போயிருச்சு, யாரும் மேட்டுப்பாளையம் இறங்காதீங்க." கீழே ஒரு படம். பாதிச் சாலை சரிந்து, தடுப்புக் கம்பி அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. சித்திக்கு அது ஊர்க் குழுவில், மகளிர் சுயஉதவிக் குழுவில், பச்சைத் தேயிலை விலை பேசும் விவசாயிகள் குழுவில் என்று மூன்று இடத்தில் வந்திருந்தது. "மூணு இடத்துல வந்திருக்கே, அப்ப நெசமாத்தான் இருக்கும்" என்றார். மறுநாள் காலையில் அதே ரோட்டில் பஸ் ஏறி இறங்கியது. படம் எப்போதோ எடுத்தது.

அந்த வாரம் ஒரு பிரவுன் ஷீட்டைத் தரையில் விரித்து, சித்தியிலிருந்து பின்னோக்கிப் போனேன். ஒவ்வொருவரிடமும் எதற்குக் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு, "இது உங்களுக்கு யார் அனுப்பினாங்க?" என்று மட்டும் கேட்டேன். மூன்று குழுவிலும் அதைப் போட்டவர் ஒரே ஆள், எங்கள் உறவுக்காரர். சித்தி மூன்று சாட்சி என்று எண்ணியது ஒரே ஒரு வாயிலிருந்து வந்தது. அவருக்குச் செய்தி வந்தது ஒரு மினி பஸ் ஓட்டுநரிடமிருந்து. ஓட்டுநருக்கு யாரும் போனில் எதையும் அனுப்பவில்லை. குன்னூர் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது காதில் விழுந்தது. பர்லியார் பக்கம் ஒரு மரம் விழுந்தது உண்மை, அறுத்து எடுத்துவிட்டார்கள். படமோ வேறு வழியாக, வேறு ஒரு குழுவிலிருந்து வந்து, நடுவில் யாரோ ஒருவர் கையில் அந்த வாக்கியத்தோடு சேர்ந்துகொண்டது.

இப்போது கோட்டுக்கு வருகிறேன். பாடப்புத்தகம் நோடு, எட்ஜ் என்று சொல்வதை நான் புள்ளி, கோடு என்றே எழுதுகிறேன். அந்த ஷீட்டில் "இவர் இதை அவரிடம் சொன்னார்" என்பதற்கு மட்டும் கோடு போட்டேன். அதே ஆட்களை வைத்து "ஒரே குழுவில் இருக்கிறார்கள்" என்று போட்டிருந்தால் படம் தலைகீழாக மாறியிருக்கும். கணக்குப் பாருங்கள். 200 பேர் உள்ள குழுவில் எல்லாரையும் எல்லாரோடும் சேர்த்தால் 19,900 கோடுகள். வாட்ஸ்அப் இன்று அனுமதிக்கும் 1,024 பேர் குழு நிரம்பியிருந்தால் 5,23,776 கோடுகள். அந்தக் குழுவில் தினமும் வாய் திறப்பவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்களாக இருப்பார்கள். அந்த ஐந்து லட்சம் கோட்டைக் கணினிக்குக் கொடுத்தால் அது முகம் சுளிக்காமல் ஏதோ ஒரு விடையைத் தந்துவிடும். யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பதற்கும் அந்த விடைக்கும் சம்பந்தமே இருக்காது.

ஃபேஸ்புக் நட்பு இன்னொரு வகை. ஒருவர் கேட்க, மற்றவர் சம்மதிக்க, இரண்டு பக்கமும் ஒரே கோடு. இப்போது எக்ஸ் என்று பெயர் மாறிய ட்விட்டரில் பின்தொடர்வது ஒரு பக்கம் மட்டும், அங்கே கோட்டுக்கு அம்புக்குறி வேண்டும். பதில் எழுதுவது வேறு, லைக் போடுவது வேறு. சண்டை போட்டுக்கொள்பவர்களும் ஒருவருக்கொருவர் நிறையப் பதில் எழுதுவார்கள். அதை நெருக்கம் என்று படித்துவிட்டால் ஆய்வே கவிழ்ந்துவிடும்.

இந்தத் துறையில் எல்லாரும் முதலில் தொடும் தரவு ஒன்று உண்டு: வேய்ன் சாக்கரி 1977-இல் வெளியிட்ட கராத்தே கிளப். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இருந்த கிளப், 34 பேர், 78 கோடுகள். பயிற்சியாளருக்கும் நிர்வாகிக்கும் தகராறு வந்து கிளப் இரண்டாக உடைந்தது. உடைவதற்கு முந்தைய கோடுகளை மட்டும் வைத்து, யார் எந்தப் பக்கம் போவார் என்று கணித்ததில் ஒரே ஒருவர் தவிர மற்ற எல்லாரும் சரியாக வந்தார்கள். இதை வகுப்பில் சொல்வார்கள். சாக்கரி எதற்குக் கோடு போட்டார் என்பதைப் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். ஒன்றாகப் பயிற்சி செய்ததற்கு அவர் கோடு போடவில்லை. அப்படிப் போட்டிருந்தால் அந்த உடைப்பு கண்ணில் பட்டிருக்காது. வகுப்புக்கு வெளியேயும் பழகியவர்களுக்குத்தான் கோடு. அந்தக் கணிப்பின் பலம் இந்த முடிவில்தான் இருக்கிறது. அல்காரிதம் அடுத்த படி.

சரி, யார் முக்கியமான ஆள்? இதைக் கணினி இல்லாமலே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். 7 பேர் போதும். கோத்தகிரிப் பக்கம் மூவர்: மளிகைக் கடைக்காரர், டீச்சர், இலை ஏஜென்ட். மூவருக்கும் ஒருவரையொருவர் தெரியும். குன்னூர்ப் பக்கம் மூவர்: மருந்துக் கடைக்காரர், நர்ஸ், காய்கறி மண்டி கணக்குப்பிள்ளை. அவர்களுக்குள்ளும் அப்படியே. நடுவில் மினி பஸ் ஓட்டுநர். கோத்தகிரியில் அவருக்கு ஏஜென்டை மட்டும் தெரியும், குன்னூரில் கணக்குப்பிள்ளையை மட்டும். மொத்தம் 8 கோடுகள்.

யாருக்கு எத்தனை கோடு என்று எண்ணுங்கள். ஏஜென்டுக்கும் கணக்குப்பிள்ளைக்கும் 3. மற்ற ஐவருக்கும் 2. இந்த எண்ணிக்கையில் டீச்சரும் ஓட்டுநரும் சமம்.

இப்போது வேறு கேள்வி கேளுங்கள். இந்த 7 பேரில் எந்த இருவருக்கும் இடையே செய்தி குறுக்குவழியில் போனால், அது யார் வழியாகப் போயாக வேண்டும்? கோத்தகிரி மூவரில் யாருக்கும் குன்னூர் மூவரில் யாருக்கும் இடையே உள்ள 9 ஜோடிகளும் ஓட்டுநரைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆகவே அவருக்கு 9. ஏஜென்டுக்கு 8, கணக்குப்பிள்ளைக்கு 8. டீச்சருக்குப் பூஜ்யம். இதற்குத்தான் பிட்வீன்னஸ் என்று பெயர், லின்டன் ஃப்ரீமன் 1977-இல் வரையறுத்தது. இடைநிலை மதிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். டீச்சரும் ஓட்டுநரும் ஒரு அளவில் சமம், இன்னொரு அளவில் ஒருவர் உச்சி, இன்னொருவர் அடி. "முக்கியமான ஆள்" என்று ஒருவர் தனியாகக் கிடையாது. எதற்கு முக்கியம் என்று கேட்ட பிறகுதான் ஆள் கிடைப்பார்.

மலையில் இருப்பவர்களுக்கு இது சொல்லிப் புரிய வேண்டியதில்லை. கீழேயிருந்து ஊட்டிக்கு ஏற மேட்டுப்பாளையம்–குன்னூர் ரோடு, கோத்தகிரி ரோடு, காரமடையிலிருந்து கெத்தை, மஞ்சூர் வழி. மேற்கே கூடலூர் வழி. மசினகுடியிலிருந்து 36 கொண்டை ஊசி வளைவுகளோடு கல்லட்டி. குன்னூர் ரோட்டில் ஒரு பாறை உருண்டால் அன்றைக்கு எங்கள் கோத்தகிரி கடைவீதியில் வண்டி நகராது. ஊரும் ரோடும் அப்படியே இருக்க, ஒரு கோடு அறுந்ததும் இன்னொரு கோட்டின் இடைநிலை மதிப்பு ஏறிவிட்டது. மனிதர்களிடமும் இதேதான். ஒரு குழுவின் அட்மின் போனை மாற்றிக்கொண்டு போனால், அதுவரை யாரும் கவனிக்காத ஒருவர் திடீரென்று பாலமாகிவிடுவார். அதனால் ஒரே படத்தை வைத்து முடிவு சொல்லாதீர்கள். மழைக்கு முன் ஒன்று, மழையில் ஒன்று, மழை விட்ட பிறகு ஒன்று எடுங்கள்.

இந்த இடத்தில் உங்களிடம் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். இடைநிலை மதிப்பு 9 வந்ததால் அந்த ஓட்டுநர் வதந்தி பரப்பியவர் ஆகிவிடமாட்டார். அவர் இருக்கும் இடம் அப்படி. பொய் அவர் வழியாகப் போன மாதிரி மறுப்பும் அவர் வழியாகத்தான் வேகமாகப் போகும். ஆய்வின் முடிவில் ஒரு பெயர்ப் பட்டியலை எடுத்து யார் கையிலாவது கொடுத்தால், நாளைக்கு ஒரு குடும்பத்தின் வாசலில் போலீஸ் நிற்கலாம். பெயர்ப் பட்டியல் உங்கள் ஆய்வுக்குத் தேவையே இல்லை.

அதே 7 பேரில் இன்னொரு அதிசயம் இருக்கிறது. உங்கள் கோடுகளின் எண்ணிக்கையை உங்களோடு சேர்ந்தவர்களின் சராசரியோடு ஒப்பிடுங்கள். டீச்சருக்கு 2, அவரோடு சேர்ந்த இருவருக்கும் சராசரி 2.5. ஓட்டுநருக்கு 2, அவருடைய இருவருக்கும் 3. இப்படிப் பார்த்தால் 7 பேரில் 5 பேருக்கு "என்னைவிட என் நண்பர்களுக்கு நண்பர்கள் அதிகம்". ஸ்காட் ஃபெல்ட் 1991-இல் இதை எழுதினார். நிறையக் கோடு உள்ளவர் நிறையப் பேருடைய பட்டியலில் வந்துவிடுவார் என்பதுதான் காரணம். இது வெறும் கணக்கு விளையாட்டு இல்லை. ஹார்வர்டில் 2009 ஃப்ளூ காலத்தில் கிறிஸ்டாகிஸும் ஃபவுலரும் தற்செயலாகப் பொறுக்கிய மாணவர்களைக் கவனித்தார்கள். "உன் நண்பர்கள் பெயர் சொல்" என்று கேட்டு, அந்த நண்பர்களையும் கவனித்தார்கள். நண்பர்கள் கூட்டத்தில் காய்ச்சல் சுமார் 2 வாரம் முன்னதாகவே தெரிந்தது. உங்களுக்கு இது பெரிய உதவி. முழு வலைப்பின்னலையும் வரைய முடியாவிட்டால், ஒரு ஹட்டியில் (படகர்கள் வாழும் சிற்றூர்) பத்து வீட்டைக் குலுக்கிப் போட்டு எடுத்து, "மழைச் செய்தி உங்களுக்கு யார் சொல்லுவாங்க?" என்று கேளுங்கள். சொல்லப்படும் ஆட்களிடம் போங்கள். செய்தி அவர்களிடம் முதலில் வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

தூரத்துக் கோடுகளையும் விட்டுவிடாதீர்கள். அடிக்கடி பார்க்காத, நெருக்கமில்லாத அறிமுகங்கள்தான் புதுச் செய்தியைக் கொண்டுவரும் என்று மார்க் கிரானோவெட்டர் 1973-இல் எழுதினார். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். நம் மலையில் 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து வந்து கூடலூர், பந்தலூர், கோத்தகிரி பக்கம் குடியேறிய குடும்பங்கள் உண்டு. ஹட்டனில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணனோடு வருடத்துக்கு இரண்டு முறை பேசுவார்கள், ஃபேஸ்புக்கில் படம் பார்த்துக்கொள்வார்கள். மெல்லிய கோடுதான். ஆனால் அங்கே ஒரு லயத்தின் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) மேல் மண் சரிந்த படம் அந்தக் கோட்டில் ஏறி இங்கே வந்துவிட்டால், தேயிலைச் சரிவைப் பார்த்து இது பந்தலூரா ஹட்டனா என்று யாராலும் சொல்ல முடியாது. ஃபேஸ்புக் 2011-இல் தன் 72 கோடி பயனர்களை வைத்துக் கணக்கிட்டபோது, எந்த இருவருக்கும் நடுவே சராசரியாக 4.74 கோடுகள்தான் இருந்தன. ஹட்டன் அவ்வளவு தூரமில்லை.

குழுக்களைப் பிரிப்பது பற்றி உங்கள் கைடு கண்டிப்பாகக் கேட்பார். 2002-இல் கிர்வனும் நியூமனும் சொன்ன வழி, இடைநிலை மதிப்பு அதிகமுள்ள கோடுகளை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே போவது. 2008-இல் வந்த லூவேன் முறை வேகமானது, எல்லாரும் அதைத்தான் ஓட்டுகிறார்கள். அதில் எனக்கு ஒரு குறை உண்டு. இந்த வகை முறைகள் பெரிய வலைப்பின்னலில் சின்னக் குழுக்களை விழுங்கிவிடும். 2007-இலேயே ஃபோர்ச்சுனாட்டோவும் பார்த்தலெமியும் இதைக் கணக்காகக் காட்டினார்கள். மாவட்டம் முழுவதும் ஒரே வரைபடமாகப் போட்டால், 30 வீடுள்ள ஒரு ஹட்டி பக்கத்து ஊரோடு கரைந்துபோகும். எங்கே மண் சரியும் என்று நாம் கவலைப்படுவது அந்த 30 வீட்டைப் பற்றித்தான். சின்ன வட்டாரமாக எடுங்கள். விதை எண்ணை (கணினியின் தற்செயல் தேர்வு எங்கே தொடங்க வேண்டும் என்று சொல்லும் எண்) மாற்றி மாற்றிப் பல தடவை ஓட்டுங்கள், ஒவ்வொரு தடவையும் பிரிவு கொஞ்சம் மாறும். மாறாமல் நிற்பதை மட்டும் நம்புங்கள். 2019-இல் வந்த லைடன் முறை லூவேனைவிட ஒழுங்காகப் பிரிக்கிறது, முடிந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

நானே ஒரு தடவை வழுக்கி விழுந்த இடம் ஒன்று உண்டு. ஒரு ஊரில் இரவு எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையே நிறையப் பேர் "ரோட்டில் தண்ணி" என்று எழுதியிருந்தார்கள். நேர வரிசையில் அம்புக்குறி போட்டேன். அழகான மரம் மாதிரிப் பரவல் வந்தது. அப்புறம் ஊரில் போய் விசாரித்தால், யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை. எல்லார் வீட்டு வாசலிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் வந்தது, அவரவர் கண்ணால் பார்த்து எழுதினார்கள். ஒரே மழையில் நனைந்தவர்களை ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஈரம் தொற்றியதாக நான் வரைந்திருந்தேன். ஒரே இனத்துப் பறவைகள் ஒன்றாகச் சேர்வதும் இதே குழப்பத்தைத் தரும். தேயிலை விவசாயிகள் தேயிலை விவசாயிகளோடு சேர்ந்திருப்பார்கள், விலை இறங்கிய அன்று எல்லாரும் ஒரே மாதிரி எழுதுவார்கள். அதை ஒருவர் மற்றவர் மேல் செலுத்திய தாக்கம் என்று எழுதிவிடாதீர்கள். வெறும் கவனிப்புத் தரவை வைத்து, ஒரே மாதிரி ஆட்கள் ஒன்றாகச் சேர்ந்திருப்பதையும் ஒருவர் மற்றவரைப் பார்த்து மாறுவதையும் முழுதாகப் பிரிக்க முடியாது என்று ஷலீஸியும் தாமஸும் 2011-இல் நிறுவியிருக்கிறார்கள். போய்க் கேட்பது ஒன்றுதான் வழி. வாக்கியம் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால், அதே எழுத்துப்பிழையோடு இருந்தால், அது ஃபார்வர்டு என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம்.

தமிழில் நடக்குமா என்று கேட்டீர்கள். நடக்கும், ஆனால் நீங்கள் நினைப்பதைவிட அதிக நேரம் இங்கேதான் போகும். "கோத்தகிரி" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் "கோ" என்பதை இரண்டு விதமாக எழுதலாம். க-வுக்குப் பின் ஓகாரக் குறி என்று ஒரே குறியாக வரலாம், அல்லது ஏகாரக் குறியும் துணைக்காலும் என்று இரண்டு குறியாக வரலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். பைத்தான் நிரல்மொழியிடம் நீளம் கேட்டால் ஒன்றுக்கு 9 என்று சொல்லும், இன்னொன்றுக்கு 10. இரண்டும் சமமா என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிடும். எந்த மென்பொருள், எந்தக் கீபோர்டு வழியாக வந்தது என்பதைப் பொறுத்து இது மாறலாம். அதனால் முதல் வேலையாக எல்லா உரையையும் என்.எஃப்.சி. (இப்படி இரண்டு விதமாக வருவதை ஒரே விதமாக்கும் யூனிகோடு முறை) வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள், ஒரே வரி நிரல்தான்.

அடுத்தது வேற்றுமை உருபுகள். குன்னூர், குன்னூரில், குன்னூருக்கு, குன்னூர்ல, குன்னூர்லருந்து எல்லாம் ஒரே ஊர். மண்சரிவு, மண் சரிவு, நிலச்சரிவு, லேண்ட்ஸ்லைடு எல்லாம் ஒரே சம்பவம். பாதிப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பார்கள், "மழை" என்ற ஒரு சொல்லுக்கே ஆளுக்கொரு ஸ்பெல்லிங். இதற்கு ஒரு சொல் அட்டவணையைக் கையால் தயாரிப்பதுதான் நல்லது. முந்நூறு செய்தியை உட்கார்ந்து வாசித்தால் பெரும்பாலான வடிவங்கள் சிக்கிவிடும்.

நீலகிரியின் படகர்கள் பேசும் படகு மொழிதான் பெரிய சோதனை. 2011 கணக்கெடுப்பில் அதைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 1.3 லட்சம் பேர். பரவலாகப் புழங்கும் தனி எழுத்து இல்லாததால் தமிழ் எழுத்திலோ ஆங்கில எழுத்திலோ அடிப்பார்கள். மொழி கண்டுபிடிக்கும் கருவி எழுத்தைப் பார்த்துத் தமிழ் என்று முத்திரை குத்தும், பிறகு உங்கள் சொல் அட்டவணையில் எதுவும் பொருந்தாமல் அந்தச் செய்தி குப்பைக்குப் போகும். ஒரு ஹட்டியின் பேச்சே ஆய்விலிருந்து காணாமல் போய்விடும், போனது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. படகு பேசும் தோழி ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். அவர் பெயரையும் ஆய்வில் போடுங்கள்.

இனி தரவு. வாட்ஸ்அப் 2016-இலிருந்து முழுதும் மறையாக்கம் செய்யப்பட்டது, அனுப்புபவரும் பெறுபவரும் தவிர யாரும் வாசிக்க முடியாது. வெளியே இருந்து தனிக் குழுக்களை எடுக்க நியாயமான வழி கிடையாது. நீங்கள் உறுப்பினராக உள்ள குழுவின் பேச்சை எக்ஸ்போர்ட் செய்யலாம். யார், எப்போது, என்ன எழுதினார் என்பது கிடைக்கும், அவருக்கு அது எங்கிருந்து வந்தது என்பது கிடைக்காது. செய்தியின் மேல் வரும் ஒற்றை அம்பு ஃபார்வர்டு என்று மட்டும் சொல்லும். ஐந்து கை, அதற்கு மேல் மாறி வந்திருந்தால் இரட்டை அம்பு. அந்த இரட்டை அம்பைக் கையால் குறித்துக்கொள்ளுங்கள், நல்ல தடயம் அது. 2018-இல் இந்தியாவில் ஃபார்வர்டை 5 பேருக்கு என்று கட்டுப்படுத்தினார்கள். 2020 ஏப்ரலில் இரட்டை அம்புச் செய்தியை ஒரு நேரத்தில் ஒரு இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்றாக்கினார்கள், அதன் பிறகு அவ்வகைச் செய்திகள் 70 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனமே சொன்னது. பழைய ஆய்வுகளின் எண்களோடு உங்கள் எண்ணை ஒப்பிடும்போது இதை நினைவில் வையுங்கள்.

ட்விட்டர் ஆராய்ச்சிக்கு இலவசமாகத் தந்துவந்த வழியை 2023-இல் மூடிவிட்டது. ஃபேஸ்புக் பக்கங்களைப் பார்க்க உதவிய கிரவுட்டேங்கிளை மெட்டா 2024 ஆகஸ்டில் நிறுத்தியது. இன்றைக்கு மாணவர்களுக்குத் திறந்திருப்பது யூடியூப். உள்ளூர்ச் செய்திச் சேனல்களின் வீடியோக்களுக்குக் கீழே மழை நாளில் வரும் கமென்ட்டுகளையும் பதில்களையும் முறையாக எடுக்கலாம். கோடு என்றால் "பதில் எழுதினார்" என்று வையுங்கள், நான் மேலே சொன்ன சண்டை விஷயத்தை மறக்காமல்.

பொய் வேகமாகப் போகிறது என்பதற்கு நீங்கள் மேற்கோள் காட்டப்போவது 2018-இல் வோசூகி, ராய், ஆரல் மூவரும் செய்த ஆய்வாகத்தான் இருக்கும். ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை சுமார் 1,26,000 செய்திகள், 30 லட்சம் பேர். பொய்ச் செய்தி மறுபகிர்வு ஆகும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம், அதற்குக் காரணம் தானியங்கிக் கணக்குகள் இல்லை, மனிதர்கள்தான். தாராளமாகக் காட்டுங்கள். ஆனால் அது ட்விட்டர், அங்கே கோடு பொதுவெளியில் இருக்கிறது. சித்தியின் மூன்று குழுவுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

அனுமதி பற்றி. கேம்பிரிட்ஜ் அனாலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் விவகாரத்தில் ஒரு செயலியை நிறுவியவர்கள் சுமார் 2.7 லட்சம் பேர்தான். தரவு போனது 8.7 கோடிப் பேருடையது வரை என்று ஃபேஸ்புக்கே 2018-இல் ஒப்புக்கொண்டது. நிறுவியவர்களின் நண்பர்கள் என்ற கோட்டின் வழியாகத்தான் அத்தனையும் போனது. ஒருவர் சம்மதம் சொன்னால் அவர் கோட்டின் மறுமுனையில் இருப்பவரும் சம்மதித்ததாக ஆகாது. அட்மின் சரி என்று சொன்னால் போதாது, குழுவில் ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும், மறுத்தவரின் வரிகளை எடுத்துவிட வேண்டும். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஒரு தடவை வாசித்துவிடுங்கள்.

பெயரை அழித்துவிட்டு எண் போட்டால் போதும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பெயர் இல்லாமல் கோடுகளின் வடிவத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்க முடியும் என்று பேக்ஸ்ட்ராம், ட்வோர்க், கிளைன்பெர்க் 2007-இல் காட்டினார்கள். நம் ஊரில் அதற்கு அவ்வளவு கணக்கும் தேவையில்லை. "ஆள் 14, மினி பஸ் ஓட்டுநர், கோத்தகிரியிலும் குன்னூரிலும் தொடர்பு உள்ளவர்" என்று எழுதினால் டீக்கடையில் இருக்கும் எல்லாருக்கும் ஆள் தெரிந்துவிடும். தொழிலையும் ஊரையும் சேர்த்து எழுதாதீர்கள். என் பிரவுன் ஷீட்டை வேலை முடிந்ததும் அடுப்பில் போட்டுவிட்டேன். இங்கே சொன்னதிலும் சில அடையாளங்களை மாற்றித்தான் சொல்லியிருக்கிறேன்.

சாஃப்ட்வேர்: பைத்தானில் நெட்வொர்க்எக்ஸ், படம் வரைய கெஃபி, இரண்டும் இலவசம். கராத்தே கிளப் நெட்வொர்க்எக்ஸிலேயே இருக்கிறது, முதல் நாள் அதை ஓட்டுங்கள். இரண்டாம் நாள் மேலே சொன்ன 7 பேரைப் போட்டு 9, 8, 8 வருகிறதா என்று பாருங்கள். ஜோடிகளின் எண்ணிக்கை வேண்டுமானால் நார்மலைஸ் செய்வதை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் 0.6 என்று பின்னம் வரும். பிறகு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஸ்னாப் என்ற வலைப்பின்னல் தரவுத் தொகுப்பிலிருந்து 4,039 புள்ளிகளும் 88,234 கோடுகளும் கொண்ட ஃபேஸ்புக் தரவு. உங்கள் லேப்டாப்பே தாங்கும்.

தரவில் வராதவர்களையும் ஒரு பத்தியாவது எழுதுங்கள். சரிவுக்குப் பின்னால் டவர் எடுக்காத குடியிருப்புகள், பட்டன் போன் வைத்திருக்கும் தாத்தாக்கள், பேரனிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்கும் பாட்டிகள். 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, கேத்தி பக்கம் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தச் செய்தி நம் மலையில் ஊர் ஊராக வாய் வழியாகவும் போனது. என் பிரவுன் ஷீட்டிலும் தொடக்கப்புள்ளி ஒரு டீக்கடை பெஞ்சு.

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் உங்களுக்கு வேண்டிய மழை ஐப்பசி, கார்த்திகையில் வரும். அதற்கு முன்பே ஒரே ஒரு ஹட்டியைத் தேர்ந்தெடுத்து, அனுமதிக் கடிதத்தைத் தமிழில் ஒரு பக்கத்துக்குள் எழுதி, வீடு வீடாகப் போய் வாசித்துக் காட்டுங்கள். கடைசியில் "உங்களுக்கு முதல்ல யார் சொன்னாங்கன்னு மட்டும்தான் கேட்பேன், சரியா தப்பான்னு கேட்க மாட்டேன்" என்ற வரி இருக்கட்டும். என் அனுபவத்தில் அந்த வரியைக் கேட்ட பிறகுதான் பேச ஆரம்பிக்கிறார்கள். கடிதத்தை எழுதியதும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.